பாலா அண்ணை கொண்டுவந்த போத்தல்

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி அழைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இப்போது சிட்னியில் இந்த நார்த்மீட் வீட்டில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை, ஆனாலும் எழுத உட்கார்ந்தால் கை இதையே எழுதுகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாமா? கேட்டால் யார் பதில் சொல்வது?

நாளைக்கு உங்கள் ஆண்டுத் திவசம். இந்த ஊரில் ஐயர் இல்லை. உங்கள் சிநேகிதர் பாலா அண்ணைதான் புத்தகத்தைப் பார்த்துத் தேவாரம் படிக்கப் போகிறார். அதன்பிறகு உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, நீங்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம் படைக்க வேண்டும். கத்தரிக்காய்க் குழம்பு, மோர்மிளகாய்ப் பொரியல், உழுந்து வடை என்று மனதுக்குள் எல்லாம் தயார். நேற்றுப் பின்னேரம் அவர் வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு போத்தலைக் குசினி மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, இது அவன்ரை வைன். இலைக்குப் பக்கத்திலை வைக்க வேணும். ஆசைப்பட்டதைப் படைக்காட்டால் செத்த ஆள் ஏங்கிக்கொண்டு திரும்பிப் போகும் எண்டு தெரியும்தானே?”

தெரியும். எங்கள் ஊரில் சுருட்டு வைப்பார்கள், சாராயமும் வைப்பார்கள், ஒருவரும் குறை சொல்வதில்லை. போகும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். உங்கள் சிநேகிதர்கள் சேர்ந்து நினைவுமலர் ஒன்று ரோனியோ மெஷினில் பிரதியெடுத்து அடிக்கப் போகிறார்களாம். “நீரும் ரெண்டு பக்கம் எழுதித் தாரும். நல்லதுகளை எழுதும்” என்றார். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்தது இதுவாக இராது.

கொழும்பில் நீங்கள் குடித்த சாராயத்தை நான் மறக்கவில்லை. மகள் ரஞ்சி பிறந்த வருஷம் உங்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், இனிச் சாராயமும் விஸ்கியும் தொடமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தவள் நான். வைனைப் பற்றி நான் கேட்கவில்லை. எனக்கு அது குடி என்றே தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோற்றோடு வைனும் கொடுப்பார்கள், இரத்தம் ஊறும் என்று. எனக்கும் அம்மா கொடுத்தா. மருந்து அலுமாரியில் இருக்கிற சாமானைக் குடி என்று யார் நினைப்பார்கள்?

ஆகவே சிட்னிக்கு வந்த முதல் வருஷம், உங்களோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர் திராட்சைத் தோட்டம் பார்க்கக் கூப்பிட்டபோது, நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். “வைன் எண்டால் பரவாயில்லை, உடம்புக்கு நல்லது” என்று நானே சொன்னேன். என் வாயால் சொன்னேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஊரெல்லாம் கடைத்தெருவுக்குப் போக, நாங்கள் மட்டும் வைன் செய்யும் தோட்டங்களுக்குப் போனோம். குடித்துவிட்டு நீங்கள் கார் ஓட்டக்கூடாது என்பதற்காக நான் லைசென்ஸ் எடுத்தேன். என்னைப் போலக் கெட்டிக்காரி உண்டா என்று அப்போது எனக்குப் பெருமை.

நல்லதை எழுதச் சொன்னாரே, ஈவானின் தோட்டத்தை எழுதுகிறேன். பிளாக்டவுனைத் தாண்டி, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த அந்த மனிதர் வீட்டோடு சேர்த்து வைத்திருந்த சின்னத் தோட்டம். தகரக் கொட்டிலுக்குள் மூன்று பீப்பாய். நாங்கள் கொண்டுபோகிற காது வைத்த பெரிய கண்ணாடிச் சாடியை வாங்கி, கழுவி, நிரப்பித் தருவார். அவருடைய மனைவிக்கு இங்கிலிஷ் வராது, எனக்கும் அவவுடைய பாஷை வராது. ஆனாலும் இரண்டு பேரும் தக்காளி ஆய்ந்துகொண்டே மணிக்கணக்காகக் கதைத்தோம். ஒருநாள் புளிக்காத திராட்சைச் சாற்றை எனக்கும் ரஞ்சிக்கும் குவளையில் வார்த்துத் தந்தா. நீங்கள் ஈவானோடு மர வாங்கில் உட்கார்ந்து, இரண்டு நாட்டு அரசாங்கங்களையும் திட்டித் தீர்த்தீர்கள். அவ்வளவு வாய்விட்டு நீங்கள் சிரித்து நான் வேறெங்கும் கண்டதில்லை.

கெட்டதையும் எழுதத்தானே வேண்டும்? வடக்கே பொக்கோல்பின் பக்கம் நாங்கள் போன முதல் இடம். இரண்டரை மணி நேரம் ஓடிப் போய், நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைகிறேன், மேசைக்குப் பின்னால் நின்றவர் எங்களைக் கண்டதும் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். இன்றைக்கு வைன் ருசி பார்க்கிற நேரம் முடிந்துவிட்டதாம். நாங்கள் காரில் ஏற முன்னமே ஒரு வெள்ளைக்காரச் சோடி உள்ளே போனது. திறந்திருந்த கதவுக்குள்ளால் கிளாசில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நீங்கள் எனக்குத்தான் ஆறுதல் சொன்னீர்கள். “நீர் ஒண்டும் யோசியாதையும். அவன்ரை வைன் புளிச்சுப் போயிருக்கும்.” 

அதே பக்கத்தில் இரண்டாவது இடம் அப்படியல்ல. கம்பளம் விரித்த மண்டபம், கண்ணாடிச் சுவர், வாசலிலேயே வரவேற்கிற ஒரு பெண். நான் வாயால் சொல்லாத உங்கள் நீண்ட பெயரை அவள் ஓரெழுத்து விடாமல் சொன்னாள். உங்களை ‘சேர்’ என்றாள். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து மட்டை வந்தது, பெயர் சரியாக எழுதி. அவமானப்பட்ட மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் என்று நானே அளந்து ஊற்றினேன். ஒன்று இரண்டானபோதும் நானேதான் ஊற்றினேன். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பார்களே, அது நான்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. ஈவான் சாடியை வாங்கவில்லை. உங்கள் முகத்தையே பார்த்தார். கிட்ட வந்து கண் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, “இல்லை, மிஸிஸ். இவருக்கு இனி இல்லை. இவருக்குச் சுகமில்லை” என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பொக்கோல்பினில் மேசை துடைத்தவன் கண்முன்னால் வந்து நின்றான். இவ்வளவு நாள் சிரித்துப் பேசிவிட்டு, இவனும் எங்கள் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்கிறானே! “நாங்கள் கறுப்பர் எண்டபடியாலோ?” என்று தமிழிலேயே கத்தினேன், பிறகு இங்கிலிஷில் கத்தினேன்.  ஈவானின் மனைவி ஓடிவந்து ஒரு பை தக்காளியை என் கையில் திணித்தா. அதை நிலத்தில் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். பின் கதிரையிலிருந்து ரஞ்சி சொன்னாள், “அம்மா, ஹி ஒன்லி செட் அப்பா இஸ் சிக்.” வாயை மூடு என்று அவளையும் அதட்டினேன்.

நேரே வடக்கே ஓட்டினேன், கம்பளம் விரித்த இடத்துக்கு. உங்களுக்கு மரியாதை கிடைக்கிற இடத்துக்கு என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அந்தப் பெண் உங்கள் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். உங்கள் கண் மஞ்சளாயிருந்ததை அவள் கவனித்தாளோ தெரியாது. நான் கவனிக்கவில்லை.

அதிலிருந்து எட்டாவது வாரம் நீங்கள் வாந்தியெடுத்த இரத்தத்தைக் குளியலறையில் கண்டேன். ஆஸ்பத்திரியில் டொக்டர், ஈரல் போய்விட்டது என்று சொன்னார், எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று கேட்டார். குடிப்பதில்லை, வைன் மட்டும்தான் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகும் நான் திருந்தவில்லை. கடைசி வாரத்தில் நீங்கள் என் கையைப் பிடித்து, “கொஞ்சமாய்க் கொண்டு வாருமன்” என்று கெஞ்சியபோது, ரஞ்சியின் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து தந்தேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

உங்கள் அம்மாவுக்குச் செங்கமாரி என்று எழுதினேன். பொய்யில்லை, தோலும் கண்ணும் மஞ்சளாகித்தான் போனீர்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். பாலா அண்ணை நினைவுமலரின் முதல் பக்கத்தில் போடப்போவதும் அதைத்தான். அவருக்கு உண்மை தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சிரிக்காதீர்கள். போன சனிக்கிழமை ஈவானிடம் போனேன். பாதிக் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள், அந்தப் பக்கம் முழுக்க வீடு கட்டுகிறார்களாம். உங்கள் கதையைச் சொல்லி, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, மிஸிஸ்” என்றார். “புதன்கிழமைகளிலும் வருவாரே. ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவார். நீதான் அனுப்பினாய் என்று சொல்வார். நானும் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் கொடுத்தேன்.”

புதன்கிழமை! கந்தோரில் கூட்டம், வரப் பிந்தும் என்று நீங்கள் சொன்ன புதன்கிழமைகள். நான் இங்கே கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், நீங்கள் அங்கே என் பெயரைச் சொல்லிச் சாடி நிரப்பியிருக்கிறீர்கள். திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். துக்கத்தால் அல்ல. கோபத்தால். ஒரு வருஷமாக வராத கோபம். செத்தவரோடு கோபிக்கக்கூடாது என்கிறார்கள். ஏன் கூடாது? உங்கள் மகள் இன்றைக்கும் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். ஈவான் சொன்னதைச் சரியாகக் கேட்டவள் அவள், அவள் வாயை அடைத்தவள் நான். அந்தக் கணக்கை நீங்கள் வந்தா தீர்க்கப் போகிறீர்கள்?

ஆனால் கோபித்துக்கொண்டே உங்களை நினைக்கிறேன். வாங்கில் உட்கார்ந்து சிரித்த உங்களை நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு குடித்ததால் வந்ததா, ஈவானால் வந்ததா? அதை யாரிடம் கேட்பேன்?

பாலா அண்ணையின் போத்தல் இன்னும் குசினி மேசையில்தான் இருக்கிறது. கம்பளம் விரித்த இடத்துப் போத்தல். நாளைக்கு நீங்கள் வருவீர்கள் என்று நான் நம்புகிறேன். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று நம்பித்தான் வளர்ந்தேன், இந்த வயதில் அதை மாற்ற முடியாது. அதனால்தான் நேற்றிலிருந்து எனக்கு இந்தப் போராட்டம்.

முடிவு செய்துவிட்டேன். இந்தப் பக்கங்களை ஒரு சொல்லும் குறைக்காமல் மலருக்குக் கொடுப்பேன். அடிக்கமாட்டேன் என்று பாலா அண்ணை சொன்னால், நாளைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் நானே எழுந்து நின்று வாசிப்பேன். போத்தலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன். உங்கள் இலையில் கத்தரிக்காய் இருக்கும், வடை இருக்கும், பச்சைத் தண்ணீர் இருக்கும். நீங்கள் சுற்றும் முற்றும் தேடுவீர்கள், தெரியும். என்னைப் பார்த்துக் கை நீட்டினாலும் நீட்டுவீர்கள். ஏங்கிக்கொண்டுதான் திரும்பிப் போவீர்கள் என்றால், போங்கள். உயிரோடு இருந்தபோது ஒருமுறையாவது உங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய ‘இல்லை’யை நாளைக்குச் சொல்லுவேன்.

இலை போட்டுக் காத்திருக்கப் போகிற
உங்கள் மனிசி,
ரஞ்சியின் அம்மா