தறியறை ஜன்னல்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாம்பர்க்கிலிருந்து சுகாசினி. நீங்களும் அம்மாவும் சுகம்தானே? எனக்குக் குளிரைத் தவிர குறையில்லை.

போனில் சொன்னால் மழுப்பிவிடுவீர்கள். அதனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதி, அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன்.

ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் இருக்கின்றன; கிருமியை அடையாளம் காணும் அவற்றின் ஏற்பிகளைப் படித்து, உடம்பு எந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் வேண்டுமென்றார்கள். நான் கையை நீட்டினேன். பார்த்தால், காசநோய்க் கிருமியை அறிந்த செல்கள் என்னிடம் கும்பலாக இருக்கின்றன! எல்லோரும் சிரித்துவிட்டோம். டாக்டரும் பார்த்துவிட்டார், எனக்கு நோயில்லை, கிருமி தொற்றிய தடம் மட்டும்தான்.

ஆனால் அந்தக் கிருமி எங்கே தொற்றியது? பொங்கலுக்கு வந்தபோது தறியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த இழை பிணைத்தேனே, அப்போதும் இருமினீர்கள். "பட்டுத் தூசும்மா, அதான் இருமிக்கினு இருக்கேன்" என்றீர்கள். காற்றில் இழை அலையும் என்று ஜன்னலைச் சாத்திய அறை. இப்போது என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

நாளைக்கே சளிப் பரிசோதனைக்குப் போங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

பஸ் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அப்பா. இழை அறுந்தால் அறுந்து போகட்டும். நான் வந்து பிணைக்கிறேன்.

சுகாசினி