ஆடாத மேஜை

அம்மா,

போன ஞாயிறு மத்தியானம், ஹீட்டரைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, நம் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். மேஜை 'டப்' என்றது. சமையலறையிலிருந்து அப்பா, "ஏட்டி, என்னத்த உடைச்சே?" என்றார். இந்த வீட்டில் எது சத்தம் போட்டாலும் குற்றவாளி நான்தான் என்பது உனக்குத் தெரியுமே. முதல் தடவையாக நிரபராதியாக இருந்தேன். நம்பத்தான் ஆள் இல்லை.

குனிந்து பார்த்தேன். நடுப்பலகையின் ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. மூக்கை அதன் அருகில் கொண்டுபோனதும் அந்த வாசனை. ஆகஸ்டில் நீ இழைப்புளியைத் தள்ளத் தள்ள, பலகையிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் விழுந்தபோது வீடெல்லாம் நிறைந்திருந்த ஷீஷம் மரத்தின் வாசனை. மேலே பாலிஷ் போட்டு மூடிவிட்டோம். உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் மூக்கை எடுக்கவே இல்லை. அப்பா வந்து, "மேஜைய மோந்து பாத்துட்டு என்னட்டி பண்ணுதே?" என்று கேட்கும்வரை.

இந்த மேஜையின் கதை நான் பிறப்பதற்கு முன்பே கரோல் பாக்கில் ஆரம்பித்தது என்று நீ சொல்லுவாய். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டோடு வந்த மேஜை. ஒரு கால் குட்டை. அதன் அடியில் காகிதத்தை மடித்து வைப்பாய். மறுநாள் வேறு கால் குட்டையாகும். சாம்பார் எப்போதும் அப்பா பக்கமே சாய்ந்தது. "எனக்குன்னு ஒரு மேஜை வந்தா, அது ஆடக் கூடாது" என்று அன்றைக்கே சபதம் எடுத்தாயாம். ஜனக்புரிக்கு வந்து, பாங்கில் உனக்குப் பதவி உயர்வும் வந்த பிறகு, கடையில் வாங்கலாம் என்றார் அப்பா. நீயோ, "நானே செய்யுதேன்" என்றாய். ஆணி அடித்தால்கூட விரலில் அடித்துக்கொள்கிற நீ! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. "நீயும் கூட வா" என்றாய். அதோடு விக்கல் நின்றது.

கீர்த்தி நகர் மரச் சந்தையில் நீ பலகைகளைப் பார்த்த அழகே தனி. கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றையும் புரட்டினாய், நகத்தால் கீறினாய், தட்டிக் கேட்டாய். ஓரத்தில் வெளிறிப்போயிருந்த பகுதியைக் காட்டி, "இது வெளிமரம். பூச்சி முதல்ல இங்கதான் வரும். நடுவுல கறுப்பா இருக்கு பாரு, அதான் வைரம்" என்றாய். முந்தின இரவு நாம் சேர்ந்து பார்த்த வீடியோவின் அறிவு அது. "நகைக்கடையில அப்பா வாங்கித் தராத வைரத்த இங்க வந்து வாங்குதியாக்கும்" என்றேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

வாங்கியது ஈரம் காயாத பச்சை மரம். அதைக் காயவைக்க நீ கண்டுபிடித்த வழியை உலகத்தில் எந்தத் தச்சரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். மே மாதம், மொட்டை மாடி, அப்பாவின் பழைய வேட்டி, அதன்மேல் ஷீஷம் பலகைகள். பக்கத்திலேயே கூழ் வத்தல்.

"வத்தல் காயுது, அப்பளம் காயுது, பலக காயாதா?" என்றாய். வத்தலுக்குக் காக்கா காவல் இருந்த எனக்குப் பலகைக்கும் சேர்த்துக் காவல். மாடிக்குத் துணி உலர்த்த வந்த எதிர்வீட்டு ஆன்ட்டி, என்ன காயப் போட்டிருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். நீ முகத்தைக் கொஞ்சம்கூட மாற்றாமல், "லக்டி கா பாப்பட், பெஹன்ஜி" என்றாய். மர அப்பளம்! ஆன்ட்டி, "அச்சா, அச்சா" என்று பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். சவுத் இண்டியாவில் அதையும் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பார்.

வாரம் முடிவதற்குள் வத்தல் ஜோராக வந்தது. பலகைகள்தான் வத்தலைவிட ஜோராக வளைந்திருந்தன. ஒன்றின் ஓரங்கள் எழும்பி, நடுவில் பாயசம் ஊற்றலாம்போல் பள்ளம். ஒன்று தலையிலிருந்து கால்வரை திருகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றின் முனைகளிலும் பிளவு.

"எண்ணெயில போடாமலே முறுக்கு வந்திருக்கும்மா."

"வாய மூடிட்டு அந்தப் பக்கத்தப் பிடிட்டி."

அன்று ராத்திரி நீ அழுவாய் என்று நினைத்தேன். நீயோ தட்டில் வத்தலும் மடியில் பலகையுமாக உட்கார்ந்து, அது ஏன் வளைந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாய். வெயில் பட்ட பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கிறது. முனைகளில் தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஓடிவிடுகிறது, அதனால்தான் அங்கே பிளக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, ஏதோ பரிசு வாங்கினவள்போல் என்னைப் பார்த்துச் சிரித்தாய். தோற்றுப்போனவர்கள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அதிகம் வளையாமல் மிஞ்சிய பலகைகளின் முனைகளில் சுவர் பெயின்டைப் பூசி, இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, நிழலில் விட்டோம். நிழல் என்றால் அப்பாவின் கட்டிலுக்கு அடியில். அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் மரக்கடையின் மாடியில் தூங்கினார்.

அந்த நாட்களில்தான் நான் தினமும் காலையில் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் அரிசி மாவைத் தூவி வைத்தேன். "ஐயோ, பூச்சி அரிக்குதே!" என்று நீ மண்ணெண்ணெய்த் துணியோடு தவழ்ந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ தவழ்ந்தாய், நான் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து அமைதியாகக் கேட்டாய்: "பலகையில ஒரு துளகூட இல்ல. பூச்சி எந்த வழியாட்டி மாவரைக்குது?" மறுநாள் பள்ளியில் டிபன் டப்பாவைத் திறந்தால், உள்ளே நாடா பக்கோடாபோல் பொன்னிறமாகச் சுருண்ட மரச்சீவல். மேலே ஒரு கறிவேப்பிலை. கேண்டீன் சமோசா தின்றுகொண்டே, இவள் எனக்கு அம்மாவாக வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தேன்.

போன ஆகஸ்டில், மழைக்கு நடுவில், மேஜை பிறந்தது. மூன்று பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினோம். அடியில் குறுக்கே இரண்டு சட்டங்கள். அந்தச் சட்டங்களைப் பலகையோடு நீ ஸ்க்ரூ போட்டு முடுக்கினாய் பார், கரோல் பாக் மேஜையின் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஸ்க்ரூக்களில் இறங்கியது. "இன்னும் ஒரு சுத்து" என்பாய். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று. முடித்ததும் மேஜைமேல் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாய். ஆடவில்லை. இறங்காமல் அங்கேயே நின்று காபி கேட்டாய்.

அக்டோபரில் டெங்கு. ஒரு வாரம். அதைப் பற்றி எழுத என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை, அம்மா.

சரி, வெடிப்புக்கு வருகிறேன். அப்பா அன்று சாயங்காலமே மரப்பசையும் இரும்புப் பட்டியும் வாங்கி வந்துவிட்டார். வெடிப்பில் பசையை ஊற்றி, அடியில் பட்டி வைத்து இன்னும் இறுக்குவது அவர் திட்டம். ஆகஸ்டில் நீ போட்ட அந்த முடுக்கல்தான் வெடிப்புக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றியிருந்தது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து அகலமாக இருந்தது. இப்போது குளிர்காலக் காற்றும் ஹீட்டரும் சேர்ந்து அதைக் காயவைக்கின்றன. பலகை குறுகப் பார்க்கிறது. குறுக்குச் சட்டமோ நீளவாக்கில் சுருங்காது. இரண்டு ஓரத்திலும் உன் ஸ்க்ரூ விடமாட்டேன் என்கிறது. பாவம், நடுவில் கிழியாமல் என்ன செய்யும்?

"ஸ்க்ரூவ லூசாக்கணும்பா."

"அவ கையால முடுக்கினது. யாரும் தொடக் கூடாது."

பசையையும் பட்டியையும் ஒளித்து வைத்தேன். அந்தத் திறமை கைவசம் உண்டு. வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். புதன்கிழமை வெடிப்பு கோட்டைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை இன்னும் தாண்டியது. இப்படியே போனால், நீ செய்த ஒரே மேஜை இரண்டு துண்டாகும். அப்பாவைக் கையைப் பிடித்துக் குளியலறைக் கதவருகே இழுத்துப் போனேன்.

"ஆகஸ்டுல இந்தக் கதவ எப்படிப்பா சாத்துவீங்க?"

"எட்டி உதைச்சு."

"இப்ப?"

அப்பா கதவை விரலால் தள்ளினார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"கதவுக்கு ஒரு நியாயம், மேஜைக்கு ஒரு நியாயமா?"

"ஒனக்கு ஸ்க்ரூ லூசுட்டி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இருக்கது மேஜைக்கும் இருக்கட்டும்பா."

இன்று காலை மேஜையைக் கவிழ்த்தோம். முதல் ஸ்க்ரூவை அப்பாதான் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முட்டிபோட்டு, மூச்சுப் பிடித்துத் திருகினார். "ஒங்கம்மா கையில என்ன பலம்ட்டி இது!" என்று சொல்லிச் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன். ஓரத்து ஸ்க்ரூக்கள் கழன்றதும் பலகை மெல்ல முனகி நகர்ந்தது. சட்டத்தில் இருந்த துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, வாஷர் வைத்து, மறுபடி ஸ்க்ரூ போட்டோம். பிடித்துக்கொள்ளும், ஆனால் நகரவும் விடும். வெடிப்பு ஒரு முடியளவுக்கு ஒடுங்கிவிட்டது.

நீ தப்பே செய்யாத அம்மாவாக இருந்திருந்தால், இதில் எதையும் நான் கற்றிருக்க மாட்டேன். தப்பு செய்கிறபோதெல்லாம் "நீயும் கூட வா" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாயே, அதற்குத்தான் பெரிய நன்றி. கோணலைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம் வருவதில்லை. எந்தப் பக்கம் காய்ந்தது, எந்தப் பக்கம் ஈரம் என்றுதான் பார்க்கிறேன். மரத்தில் மட்டும் இல்லை, அப்பாவிடமும்.

ஒவ்வொரு சட்டத்திலும் நடு ஸ்க்ரூ மட்டும் மிச்சம் இருந்தது. அப்பா ஸ்க்ரூட்ரைவரை அதில் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அது வேண்டாம்பா. நடுவுல ஒண்ணு இறுக்கமா இருக்கணும். அப்பதான் மரம் ரெண்டு பக்கமும் ஒழுங்கா போய்வரும்."

"நெசமாவா? இல்ல, எனக்காகச் சொல்லுதியா?"

"நெசமாத்தான்பா."

அப்பா சட்டைத் துணியால் அந்த இரண்டு ஸ்க்ரூவின் தலையையும் துடைத்தார். உன் கை கடைசியாக முடுக்கியபடியே அவை இருக்கின்றன, அம்மா.