கொடி என் முறைக்கு வந்த வருஷம்

செப்டம்பர் 3, செவ்வாய்
ரிசர்வ் படையின் மாலைப் பயிற்சியில் அறிவித்துவிட்டார்கள். இந்த வருஷம் ரெஜிமென்ட் கொடி என் கையில்! எங்கள் ரெஜிமென்ட் சண்டையிட்ட ஒரு பழைய போரில் அதிகாரிகள் எல்லோரும் விழுந்தபின் கொடியைக் கீழே விடாமல் ஏந்தி வந்தவர்கள் சார்ஜென்ட்கள்தான். அதனால் வருஷா வருஷம் அந்தப் போர் நடந்த தேதியில் மட்டும் ஊர்வலத்தில் கொடி சார்ஜென்ட்களான எங்களுக்கு. அதிகாரிகள் வாள் இல்லாமல் பின்னால் நடப்பார்கள். ஒருவருக்கு ஒரு முறைதான் வரும். தவறினால் போனது போனதுதான்.

செப்டம்பர் 4, புதன்
கொடி ஏந்த வேண்டிய 14ஆம் தேதி, சனிக்கிழமை, எனக்குப் பத்தாம் நம்பர் பஸ் ஓட்டும் டியூட்டி. லீவு தர வேண்டியவன் டிப்போ மேனேஜர் காலின் அஷர். வேலையில் எனக்கு மேலே. எங்கள் ரிசர்வ் படையில் என் பிரிவுச் சிப்பாய். போன மாதம்தான் அழுக்கு பூட்ஸுக்காக அவனைக் காய்ச்சி எடுத்தேன்.

"ஆளு இல்ல ஹெதர். முடியாது," என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "அஷர்! நேரா நின்னு பதில் சொல்லு!" — டிரைவர்கள் எல்லோர் முன்னாலும்! பாவம், பழக்கதோஷம், விறைத்து நின்றுவிட்டான். எவனோ சிரித்தான். அஷரின் காது சிவந்துபோயிற்று.

செப்டம்பர் 6, வெள்ளி
தவளை தன் வாயால் கெடும். நானும்தான்.

செப்டம்பர் 10, செவ்வாய்
பயிற்சிக்கூடத்துக்குள் யாரும் வெளிவேலையைப் பேசக் கூடாது. பேசினால் எல்லோருக்கும் பீர் வாங்கித்தர வேண்டும். தெரிந்தேதான் பேசினேன்.

"டிப்போல நான் பண்ணினது தப்பு அஷர். மன்னிச்சிரு."

"எல்லாருக்கும் பீர், சார்ஜென்ட்! எனக்கு ரெண்டு."

லீவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் அது என்ன மன்னிப்பு? வீட்டுக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 12, வியாழன்
டிப்போ பலகையில், சனிக்கிழமைக்கு என் பெயரை அடித்துவிட்டிருக்கிறார்கள். வேறு பெயரும் இல்லை. ஓடிப்போய்க் கேட்டேன்.

"லீவு குடுத்தாச்சுல்ல? போ. பஸ்ஸு என் கவலை."

செப்டம்பர் 14, சனி
காலையில், அந்த நாளின் வழக்கப்படி, அதிகாரிகள் எங்களுக்கு ரம் கலந்த தேநீர் ஊற்றியபோதே அஷரைக் காணோம். அணிவகுப்பிலும் இல்லை. கோபமா? குழம்பிக்கொண்டே கொடியைத் தூக்கினேன். பேய்க்காற்று.

டர்ஹாம் சந்தைச் சதுக்கத்தில் எங்கள் ஊர்வலத்துக்கு வழிவிடப் பத்தாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். ஸ்டியரிங்கின் பின்னால் அஷர். கொடி நெருங்கியதும் எழுந்தான். அந்த இடுக்கில் தலை கூரையில் இடிக்க, அசையாமல் நின்றான்.

கொடி ஏந்துபவர் தலையைத் திருப்பக் கூடாது. திருப்பினேன். என் பஸ்ஸை ஓட்ட அவன் விட்டுக்கொடுத்த இந்த நாள் அவனுக்கும் வருஷத்துக்கு ஒரு முறைதானே!

செப்டம்பர் 16, திங்கள்
"உங்க ஊர்வலத்தால என் பஸ்ஸு லேட்டு. ஜனங்க என்னைத்தான் திட்டினாங்க," என்றான் அஷர், எல்லா டிரைவர்களும் கேட்க.

நேராக நின்றேன். "மன்னிச்சிருங்க பாஸ்," என்றேன்.