வீட்டு நாடும் விளக்கு நாடும்

பொகவந்தலாவை
2025 பெப்ரவரி 9

தம்பி பழனியாண்டிக்கு அக்கா ராசம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். முழங்கால்தான் மழை வருமுன்னே மழையைச் சொல்லிவிடுகிறது. டெலிபோன் என் காதுக்கு ஆகாது. நீ கத்தினால் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும், எனக்கு மட்டும் கேட்காது. அதனால் கடுதாசி.

லொறிக்கார யோகேஸ்வரனிடம் நீ கொடுத்துவிட்ட சோலார் விளக்கு வந்தது. இருபத்திரண்டு வருசம் கழித்து உன் கையால் ஒரு பொருள். அன்றைக்கு என் மகள் சடங்குக்கு மாமன் சீர் வருமென்று பொழுது சாயும்வரை பிள்ளையை மணையிலேயே உட்கார வைத்திருந்தேன். பஸ் ஓடவில்லை என்றாய். அந்த பஸ்ஸில்தான் மேளக்காரர் வந்து இறங்கினார். சரி, கிடக்கட்டும்.

விளக்கை இன்னும் மாட்டவில்லை. இங்கே ஒரு வெளிநாடு வீடு கட்டித் தருகிறது. பட்டியலில் என் பெயர் பதினாலாவது. விளக்குக் கொடுப்பது அதற்கு ஆகாத இன்னொரு நாடாம். வீட்டுத் திட்டத்து ஐயா சிரித்த முகமாக வந்தார். "யார் யார் வீட்டுல அந்த வெளக்கு தொங்குதுன்னு சும்மா பாத்துட்டுப் போறோம்மா. பட்டியல இன்னொருக்கா பாக்கணும்ல" என்றார். மிரட்டவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மறுநாளே இங்கே முன்பே விளக்கு வாங்கியிருந்த பத்து வீட்டிலும் அது பரணில் ஏறிவிட்டது.

பிறந்ததிலிருந்து எனக்கு இந்த லயத்து ஒற்றையறைக் காம்பராதான். மாட்டினால் வீடு போகும். திருப்பினால் நீ முறுக்கிக்கொள்வாய். என்ன செய்யட்டும்?

அக்கா ராசம்மா

தலவாக்கலை
பெப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன், திட்டு உட்பட.

எங்கள் தேயிலைத் தோட்டம் விளக்கு நாட்டின் பக்கம். இங்கே வீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் விளக்கு நாடு கொடுக்கும் பள்ளிக்கூடப் பை 'அடுத்த முறை' வருமாம். சண்டை ஒன்றுமில்லை. இரண்டு நாடும் சிரித்துக்கொண்டே நம் கழுத்தைப் பிடிக்கின்றன.

விளக்கைத் திருப்ப வேண்டாம். கூரையில் மாட்டி, பேத்தி வினோதாவிடம் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

தம்பி பழனியாண்டி

பொகவந்தலாவை
மார்ச் 3

தம்பிக்கு,

விளக்கை மாரியம்மனுக்கு நேர்ந்து கொடுத்துவிட்டேன். ஆத்தாளுக்குக் கொடுத்ததை எவனும் திருப்பி எடுக்க முடியாது. பரணில் கிடந்த பத்தும் பின்னாலேயே கோயிலுக்கு வந்துவிட்டன.

வீட்டு ஐயா வந்து, "இதெல்லாம் யாரோடது?" என்றார். பூசாரி முத்துலிங்கம், "ஆத்தாளோடதுங்க. வேணும்னா அவ பேர பட்டியல்ல இருந்து வெட்டிருங்க" என்றார். ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விளக்கு நாட்டு ஆட்கள் தங்கள் கொடி போட்ட போர்டைக் கோயிலில் மாட்ட வந்தார்கள். "தாராளமா மாட்டுங்க. திருவிழாவுல சாமி எறங்கி ஆடுறப்ப ஏன்டான்னு கேப்பா, பதில மட்டும் யோசிச்சு வச்சுக்குங்க" என்றார் முத்துலிங்கம். போர்டை விட்டுவிட்டே போய்விட்டார்கள். இப்போது விறகு நனையாமல் மூட உதவுகிறது.

பதினாலு பதினாலாகவே இருக்கிறது. நேற்று அத்திவாரம் வெட்டினார்கள்.

அது சரி. தம்பி அக்காளுக்குக் கொடுத்த சாமானுக்குப் போட்டோ எதற்கு? உண்மையைச் சொல்.

ராசம்மா

தலவாக்கலை
மார்ச் 12

அக்கா,

ஐம்பது வீட்டில் விளக்குத் தொங்கும் போட்டோ கொடுத்தால் எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாக விளக்கு நாட்டு ஆட்கள் சொன்னார்கள். வீட்டு நாடு வேலை செய்யும் தோட்டமென்றால் இன்னும் விசேசமாம். நீங்கள் நாற்பத்தெட்டாவது. உங்கள் பெயர் வீட்டுப் பட்டியலில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு முகமில்லை.

பழனியாண்டி

பொகவந்தலாவை
ஆகஸ்ட் 18

பழனியாண்டிக்கு,

ஐந்து மாதம் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. நன்றாக வேகட்டும் என்று விட்டேன்.

தண்ணிக்காக அக்காளை அடகு வைத்தாய். சீருக்கு அடுத்து இது இரண்டாவது. இரண்டையும் மறக்கமாட்டேன், நீயும் எதிர்பார்க்காதே. குழாய் வந்ததா, அதை முதலில் சொல். உன் பெண்சாதி இடுப்பு நோவோடு பள்ளத்தில் இறங்கித் தண்ணி தூக்குவதை நானும் பார்த்திருக்கிறேன். வராவிட்டால் ஆளைக் காட்டு, நானே வந்து கேட்கிறேன்.

வீடு முடிந்தது. கதவைத் திறந்தால் மலை தெரிகிறது. ஒட்டுச்சுவர் இல்லாததால் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்பதில்லை, அது ஒன்றுதான் குறை. செப்டம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை காலை பால் காய்ச்சுகிறோம்.

வெறுங்கையோடு வா. எந்த நாட்டுச் சாமானும் வேண்டாம், உன் சீரும் வேண்டாம். எனக்கு உன்னை நேரில் உட்கார வைத்துத் திட்ட வேண்டும். சோறு போட்ட பிறகுதான் ஆரம்பிப்பேன்.

அக்கா