பங்குதாரர் வீடியோவில் ஒரு வெள்ளைப் பூ

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பள்ளிபாளையம் பாலத்தில் நெரிசல், மில்லுக்குத் தாமதம். குடை வண்டியிலேயே.

இன்றைய வேலை: பங்குதாரர்களுக்கான காலாண்டு வீடியோ. அதன் ஒலியை மட்டும் தனியாக பாட்காஸ்ட். ஆங்கில சப்டைட்டில். சேர்மன் சட்டையில் மைக் (போன தடவை துண்டு உரசி ஒரே கரகர).

எழுதிக் கொடுத்ததைப் படிக்க மாட்டேன் என்று சேர்மன் ஒரே பிடி. "பங்கு வாங்குனவங்க நம்ம ஊட்டு மனுசங்க மாதிரி. படிச்சுக் காட்டுனா நல்லாவா இருக்கும் அம்மணி?"

புது மில் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை போர்டு கூடித்தான் முடிவு என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். பஞ்சு விலை, நூல் விலை, கரண்ட் பில். நன்றாகவே பேசினார். கடைசியில் கோயிலுக்குப் போய் வந்த கதை. எடிட்டர் திவ்யா வெட்டப் பார்த்தாள். இருக்கட்டும், மனசிலிருந்து பேசுகிறார் என்றேன்.

கம்பெனி செகரட்டரி நான் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. இரண்டு தடவை கேட்டேன். வில்லங்கம் ஒன்றும் இல்லை. ஏற்றியாச்சு.

நவ. 5, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது. வீடியோவுக்குக் கீழே பாராட்டு மழை. கொஞ்சம் கர்வம்.

மதியம் போன். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பங்குதாரர், கோழிப்பண்ணைக்காரர்.

"ஏனுங்க, புது மில்லு வருதுங்களாமா?"

போர்டு இன்னும் முடிவெடுக்கவில்லை என்று வழக்கமான பதில்.

"ஐயாதான் சொல்லிட்டாருங்களே, தெக்கால எடத்துக்குப் பூக் கேட்டு வெள்ளை வந்துருச்சுன்னு. அப்பறம் போர்டு என்னத்துக்குங்க?"

போனை வைத்தேன்.

ஓடிப்போய் வீடியோவை மறுபடி கேட்டேன். இருக்கிறது. தெக்கால இடம் என்றால் புது மில்லுக்குப் பார்த்து வைத்திருப்பது. சப்டைட்டிலில் 'கோயிலில் மலர் வைத்து வழிபட்டோம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறோம். மும்பைக்காரருக்கு அது வெறும் பக்தி. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. வெள்ளையும் சிவப்பும் தனித்தனிப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் வைத்து, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் வேண்டாம். வெள்ளை வந்த பிறகு பின்வாங்கிய ஆளை நான் பார்த்ததே இல்லை.

பெண் பார்ப்பதிலிருந்து போர் போடுவது வரை எங்கள் வீட்டிலும் இதுதான். கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு, அதனால்தான் எனக்கு உறைக்கவில்லை. என்ன கம்பெனி செகரட்டரி நான்!

சாயங்காலத்துக்குள் பங்கு விலை ஏறிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் வாங்குகிறார்கள். வேறு யார்.

நவ. 6, வியாழன்

தூக்கம் இல்லை. உப்புமாவில் உப்பு போட்டேனா, நினைவில்லை.

"டெலீட் பண்ணிடலாமாக்கா?" என்றாள் திவ்யா. பாட்காஸ்ட் எத்தனை போனில் இறங்கிக் கிடக்கிறதோ. எடுத்தால் மறைத்தது போலவும் ஆகும்.

சேர்மனிடம் போனேன். பங்குச் சந்தைக்கு உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றேன்.

"சாமிகிட்டக் கேட்டதையெல்லாம் மும்பைக்கு எழுதுவாங்களா அம்மணி? சிரிக்க மாட்டாங்க?"

"நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சுங்க ஐயா. மத்தவங்க தெரியாம வித்துட்டு இருப்பாங்க."

"நாளைக்கு மத்தியானம் போர்டு. அதுவரைக்கும் கம்முனு இரு."

நல்ல மனுஷர். கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நோட்டீஸ் வந்தால் என் பெயருக்கும் வரும். அனுப்பினால் இந்த வேலை போகும். அனுப்பாவிட்டால் எந்த வேலையும் கிடைக்காது. பயமாக இருக்கிறது. பயம்தான், வேறு பெயர் வேண்டாம்.

கடிதம் தயார். 'பூ' என்றால் என்ன என்பதற்கே ஒரு பத்தி.

நவ. 7, வெள்ளி

மூடுபனி. பால் வாங்கவில்லை. பங்குச் சந்தை திறப்பதற்குள் கடிதத்தை அனுப்பினால்தான் பிரயோசனம்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். வேறு யாரிடம் கேட்பது? செவ்வரளியும் நந்தியாவட்டையும் வாங்கிப் பொட்டலம் கட்டச் சொன்னேன். சேர்மன் சொல்லை மீறி அனுப்பட்டுமா? அது ஒன்றுதான் கேட்டேன்.

பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"வேண்டாங்குது சாமி. உட்டுருங்க."

ஆகட்டும் என்று திருநீறு வாங்கிக்கொண்டேன். இந்த மாப்பிள்ளை, இந்த வீடு, இந்த வேலை எல்லாம் இதே சாமி வெள்ளை கொடுத்து வந்தவை. காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து கடிதத்தை அனுப்பிவிட்டேன்.

சேர்மன் கூப்பிடுகிறார். எடுக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நானும் பூக் கேட்டேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.