மெக்கானிக் கேட்டால் சொல்ல வேண்டியது

மகளுக்கு,

கண் டாக்டரிடம் போகிறேன். உன்னை எழுப்பவில்லை, எழுப்பினாலும் நீ என்னிடம் பேசமாட்டாய்.

பழைய எலெக்ட்ரானிக் ஆர்கனைப் பார்க்க மெக்கானிக் வருவார். முதலில் ஒரு கட்டைதான் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பின்பலகையைக் கழற்றி, வயர்களை ஈயம் வைத்து ஒட்டிய பிறகு எந்தக் கட்டையைத் தொட்டாலும் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அலறுகிறது. இரவு முழுவதும் அந்தச் சத்தம் என் காதிலேயே நின்றது.

மெக்கானிக்குக் கொஞ்சம் வாய் நீளம். "இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கிட்டது யாரு?" என்று கேட்பார். "அப்பாதான், அவருக்குக் கண்ணு சரியா தெரியல" என்று சொல். "குரங்கு கையில பூமாலை" என்று நேற்று மாப்பிள்ளையை நான் சொன்னது வீட்டுக்குள். வெளியாள் முன்னால் நம் வீட்டு மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆர்கன் மேல் கழற்றி வைத்திருக்கும் திருகாணிகளைத் துடைத்துத் தள்ளிவிடாதே.

பி.கு: மாப்பிள்ளை நேற்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். சோறு வடித்து வைத்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் போடு.

இன்னொன்று: நீ மெக்கானிக்கிடம் "அப்பாதான்" என்று சொல்லும்போது மாப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும். நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது.

அப்பா