துடுப்பில் இரண்டு கீறல்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. உன் சுகத்தைப் போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ம்' என்கிறாய், அதனால் அதை எழுதியே சொல். கடையில் பள்ளிச் சீருடை வேலை நெருக்குகிறது, பழைய தையல் மெஷினுக்கு பெல்ட் மாற்றிவிட்டேன். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைத் திட்டியவர் அவர்தான்.

இனி மீன் விஷயம், அதற்காகத்தான் உட்கார்ந்தேன். மீனைப் பற்றிப் படித்தவள் என்று தூண்டில் சங்கத்துக்கு நீ சொன்ன அளவு விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. கெண்டை நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஏரிக்கே திரும்ப வேண்டும், எழுபதுக்கு மேல் போனாலும் திரும்ப வேண்டும், இடைப்பட்டதில் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு. சின்னதை விடுவதில் யாருக்கும் வருத்தமில்லை, பெரியதை விடச் சொன்னதுதான் தொண்டையில் நின்றது. கூட்டத்தில் நீயே போனில் பேசியிருக்கலாம், ஆனால் நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நீ எழுதி அனுப்பியதை அப்பாவே கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பெரிய பெண்மீன்தான் முட்டையை அள்ளிப் போடும், அதைத் தூக்கிவிட்டுச் சின்னதைக் காப்பாற்றிப் பயனில்லை என்ற இடத்தில் உன் சித்தப்பா எழுந்து, ஏண்ணே, பொண்ணு படிச்சிருக்கு, சரி, பெரிசா ஒண்ணு மாட்டினா முத்தம் குடுத்து வழியனுப்பணுமாக்கும் என்று கேட்டார். அறையே சிரித்தது. அப்பா சிரிக்காமல் கையைத் தூக்கினார், சரிபாதியாக நின்ற ஓட்டில் அந்த ஒரு கையில்தான் விதி தேறியது.

சங்க அறைச் சுவரில் தொங்கும் பலகை மீன் உனக்கு நினைவிருக்கும். ஏரியிலேயே பெரியதைப் பிடித்தவர் அதைப் பலகையில் கிடத்தி, பென்சிலால் சுற்றி வரைந்து, தச்சரிடம் அறுத்து வாங்கிப் பெயரெழுதி மாட்டுவார், அதைவிடப் பெரியது வந்தால் பழையது இறங்கும். நீ பள்ளியில் படித்த காலத்திலிருந்து சித்தப்பா மீன்தான் அங்கே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதன் வாலைத் தட்டி, இது இன்னும் வளருதுண்ணே என்று அப்பாவைச் சீண்டுவார். பெரியதைக் கரையேற்றவே கூடாது என்று ஆனபின் அந்தப் பலகை இனி இறங்காது என்பது கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. இப்போது உன் விதிக்கு அவரைவிடப் பெரிய காவல் கிடையாது, படிச்சவங்க சொன்னா கேட்டுக்கணும்ணே என்கிறார். கை தூக்கும்போது அப்பா இதை யோசித்தாரா என்று நான் கேட்கவில்லை.

விதி வந்து முதல் ஞாயிறே அப்பா தனியாகப் படகில் போனார். திரும்பி வந்து, பெரிசு ஒண்ணு வந்துச்சு, விட்டுட்டேன் என்று மட்டும் சொன்னார். கரையில் நின்ற சித்தப்பா, விட்டேன்னு சொல்றதுக்கு விதியும் துணைக்கு வந்துடுச்சு உனக்கு என்றார், மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு பெரிசு என்று யாரோ கேட்டதற்கு, அளக்கலை என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த துடுப்பைத் துடைக்கும்போது ஒரு செதில் ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே தூண்டில் முள்ளால் போட்ட மாதிரி ஒரு கீறல், தள்ளி இன்னொன்று. தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. கழுத்தில் டேப் தொங்கும்போது அளக்காமல் இருக்க என்னால் முடியுமா. அந்த வாரம் சங்க அறை ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போனேன், ஆள் இல்லாத நேரத்தில் பலகை மீனையும் அளந்தேன். அப்பாவுடையது இரண்டு விரல் அதிகம். துடுப்பில் கீறல் யார் வேண்டுமானாலும் போடலாம், அதைக் காட்டினால் இன்னும் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். நானும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

இப்போது சங்கத் தலைவர், அந்தப் பல் டாக்டர், வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு பெரிய மீனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தப் பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில் ஓட்டு, மறுபடியும் சரிபாதியாக நிற்கிறார்கள். நேற்று அப்பா வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, பாப்பாகிட்ட சும்மா கேளேன், ஆளுக்கு ஒண்ணுன்னா ஏரி தாங்குமான்னு என்றார். அவர் சும்மா என்று சொன்னால் சும்மா இல்லை. சங்கத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள், ஏரியில் அப்படிப்பட்ட மீன் எத்தனை இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

பதிலை அப்பா பெயருக்கே எழுது. நீ எழுதியதை அப்படியே படிப்பார், அதன்படியே கை தூக்குவார். கீறல் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அதைச் சொல்லாமலே உன்னிடம் கேட்டிருக்கலாம், ஆனால் நீ போடும் கோடு யார் மேல் விழுகிறது என்று தெரிந்தே நீ போட வேண்டும் என்றுதான் சொன்னேன். தெரிந்துவிட்டதே என்று கோட்டை நகர்த்தாதே.

வேளைக்குச் சாப்பிடு. ஏரிக்குப் போகும் நாளில் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள், நனைந்ததோடு நாளெல்லாம் நிற்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. பதிலைத் தள்ளிப்போடாதே. ஒவ்வொரு வருஷமும் இந்த மாதம் அப்பா துடுப்பைக் கீறலெல்லாம் போக உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிப்பார். டப்பா வாங்கி வந்து வைத்திருக்கிறார், மூடியை இன்னும் திறக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா